பனிச்சறுக்குப் பூட்ஸும் என் கால் மெட்டியும்

"நீ வந்தா நானும் வாரேன்" என்றாள் என் மகள். நான் எங்கே வரப் போகிறேன் என்ற தைரியத்தில் சொன்ன சொல் அது. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி பஸ்ஸில் ஏறினாலே எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்கிறவள் நான். அப்பேர்ப்பட்டவள் பனிமலையில் காலில் பட்டையைக் கட்டிக்கொண்டு சறுக்குவாளா?

"சரி, வாரேன்" என்று சொல்லிப்போட்டேன்.

அவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. சொன்ன சொல்லை இனி எப்படித் திரும்ப வாங்குவது என்று யோசித்தாள். நான் விடவில்லை.

சுகன்யா எங்களுக்கு ஒரே பெண். மாப்பிள்ளை ஆஸ்திரியா நாட்டில், மலைகளுக்கு நடுவில் ஒரு சின்ன ஊரில், பம்பு செய்யும் கம்பெனியில் இருக்கிறார். ஐப்பசியில் அவள் வயிற்றில் இருந்த குழந்தை தங்காமல் போய்விட்டது. அதற்குப் பிறகு அவள் வேலைக்கும் போகவில்லை, வாசலைத் தாண்டியும் போகவில்லை. போனில் எப்போது கேட்டாலும் "பரவால்லம்மா" என்பாள். ஒரு நாள் மாப்பிள்ளை தனியாகக் கூப்பிட்டு, "அத்தை, நீங்க ஒருக்கா வந்தாத் தேவலைங்க" என்றார். அவர் எதையும் வாய்விட்டுக் கேட்கிற ஆள் இல்லை. தை மாதம், பழநிக்கு நடந்து போகிறவர்களுக்கு எங்கள் பாக்குத் தோப்பு வாசலில் மோர் ஊற்றுவது வழக்கம். அதை நாத்தனாரிடம் ஒப்படைத்துவிட்டு, முருகா நீயே துணை என்று கிளம்பிவிட்டேன்.

போன இடத்தில் பார்த்தால், ஊரெல்லாம் வெள்ளை. கூரை, மரம், நிறுத்திய கார் எல்லாவற்றின் மேலும் பனி, இட்லி மாவு பொங்கி வழிந்த மாதிரி. வீட்டுக்குள்ளே கதகதப்பு. ஆனால் சத்தமே இல்லை. மகள் சோபாவில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். டாக்டரம்மா அவளிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதானாம்: வெளியே போ, வெயிலில் நில், முன்பு போல மலையில் சறுக்கப் போ. முன்பெல்லாம் குளிர்காலம் வந்தால் புருஷனும் பெண்டாட்டியும் மலையே கதியென்று இருப்பார்களாம். இப்போது அவளுடைய சறுக்குப் பட்டை கீழே நிலவறையில் சாத்தி வைத்தது வைத்தபடி இருந்தது.

எனக்கோ ஒரு இடத்தில் உட்கார வராது. துடைத்த அடுப்பை மறுபடி துடைத்தேன். அரிசியும்பருப்புச் சோறு ஆக்கினேன், ரசம் வைத்தேன், கொண்டு போன கொள்ளை ஊறப்போட்டேன். மகள் ஏதோ சொல்ல வாயெடுத்தால், "இரு கண்ணு, பால் பொங்குது" என்று எழுந்து ஓடினேன். பால் அடுப்பிலேயே இருக்காது. அவள் என்ன சொல்லிவிடுவாளோ, அதற்கு நான் என்ன சொல்வேனோ என்று ஒரு படபடப்பு. படுத்தால் தூக்கம் இல்லை. இந்தப் பெண்ணை இப்படியே விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பினால் அங்கே எனக்குச் சோறு இறங்குமா?

அதனால்தான் அவள் வாயிலிருந்து வந்த அந்த ஒரு சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

முதல் நாள் மலையடிவாரத்துக்குப் போய் வாடகைக்கு பூட்ஸ் எடுத்தோம். பூட்ஸ் என்றால் நாம் நினைக்கிற மாதிரி இல்லை. வெளியே கெட்டி பிளாஸ்டிக் கூடு, உள்ளே மெத்தை, முன்னால் வெளிப்பக்கமாக நாலு கொக்கி. மாட்டிவிட்டால் கணுக்கால் அசையாது. கட்டுப் போட்ட கால் மாதிரி டொக்கு டொக்கு என்று நடக்க வேண்டும். "எது சௌகரியமா இருக்கோ அதை எடுங்க" என்று கடைப் பையன் ஒரு அடுக்கைக் காட்டினான். நான் ஊட்டியில் வாங்கிய கம்பளி சாக்ஸ் இரண்டு ஜோடி போட்டு, அதற்கு மேல் ஒரு சைஸ் பெரிதாக எடுத்துக்கொண்டேன். எங்கள் பக்கம் செருப்பு வாங்கினால் அப்படித்தான், கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும் என்போம்.

சறுக்குகிறவர்களுக்கென்று விடுகிற பஸ்ஸில் ஏறி, கம்பியைப் பிடித்து நின்றேன். எதிரே இரண்டு பாட்டிமார்கள் என் காலையே பார்த்துக்கொண்டு ஏதோ பேசினார்கள். சுகன்யாவிடம், "என்ன கண்ணு சொல்றாங்க?" என்றேன்.

"ஒண்ணுமில்லம்மா."

"சொல்லு."

"'அந்தம்மா இடது வலது மாத்திப் போட்டிருக்கு, சொல்லலாமா வேண்டாமா'ன்னு ஒருத்தங்க கேக்கறாங்க. இன்னொருத்தங்க, 'வேண்டாம், அவங்க ஊர்ல அப்படித்தான் போலிருக்கு'ங்கறாங்க."

குனிந்து பார்த்தேன். கொக்கிகள் உள்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. பஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே தரையில் உட்கார்ந்து மாற்றினேன். அந்தப் பாட்டிகளில் ஒருத்தி என் பையைப் பிடித்துக்கொண்டாள், இன்னொருத்தி என்னையே பிடித்துக்கொண்டாள்.

இவ்வளவும் பண்ணி, மலையில் பத்தடி கூடப் போகவில்லை. குதிகால் உள்ளே தூக்கித் தூக்கி அடித்தது. விரல்கள் பின்னிக்கொண்டு உயிர் போனது. பட்டையை இடப்பக்கம் திருப்பச் சொன்னால் கால் பூட்ஸுக்குள் மட்டும் திரும்பியது. பூட்ஸ் நேராகப் போய்க்கொண்டிருந்தது. நான் வேலியில் போய் விழுந்தேன். சுகன்யா ஓடி வந்து தூக்கினாள். "போதும்மா. வா, ஊட்டுக்குப் போலாம்" என்றாள். அவள் தன் பட்டையை இன்னும் மாட்டக்கூட இல்லை. நான் இறங்கினால் அவளும் இறங்குவாள் என்பது அப்போதுதான் உறைத்தது. வீட்டுக்கு வந்ததும் மறுபடி சோபா, மறுபடி சுவர்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது மாப்பிள்ளைதான் சொன்னார். "வாடகை பூட்ஸ் ஆயிரம் கால் போய் வந்ததுங்க அத்தை. உங்க காலுக்கு அது ஆகாது. பக்கத்து டவுனுல ஒருத்தர் இருக்காரு, காலை அளந்து பூட்ஸைப் பொருத்திக் குடுப்பாரு. சொந்தமா வாங்கிருங்க."

"எனக்கெதுக்குங்க மாப்பிள்ளை சொந்தமா? ஊருக்குக் கொண்டுபோய் உங்க மாமா மண்டியில கேரட் மூட்டை மேல சறுக்கறதா?"

"அடுத்த வருசமும் வருவீங்கல்ல" என்றார் அவர், தட்டைப் பார்த்துக்கொண்டே. சுகன்யா வேண்டாம் என்று சொல்லவில்லை.

மறுநாள் கிருத்திகை. விரதத்தோடு கடைக்குப் போனோம். கதவைத் திறந்ததும் உள்ளேயிருந்து ஒருவர் ஏதோ சொல்லி வரவேற்றார். "சாமி உங்களை வாழ்த்தட்டும்னு அர்த்தம்மா. இந்தப் பக்கம் வணக்கம்ங்கறதுக்கு இதைத்தான் சொல்லுவாங்க" என்றாள் சுகன்யா. எனக்கு அந்தக் கடையே பிடித்துப்போய்விட்டது. கடைக்காரர் சாமி பேரைச் சொல்லிக் கூப்பிடுகிற ஊரில் எனக்கு எதுவும் கெட்டது நடக்காது என்று தோன்றியது. நானும் கையெடுத்து, "முருகன் உங்களையும் நல்லா வெச்சிருக்கோணுமுங்க" என்றேன்.

அவர் பெயர் மார்ட்டின். நரைத்த தாடி, தோல் ஏப்ரன், காது மேல் ஒரு பென்சில். என்னை ஒரு பெஞ்சில் உட்காரவைத்து, எனக்கு முன்னால் மண்டியிட்டு, என் காலைத் தூக்கித் தன் தொடைமேல் வைத்துக்கொண்டார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என்னைவிட மூத்த மனுசர். என் கல்யாணத்தில் மெட்டி போடும்போது என் வீட்டுக்காரர் பிடித்ததோடு சரி, வேறொரு ஆண்பிள்ளை என் காலைப் பிடித்ததில்லை. கால் அவர் மேல் பட்டுவிட்டதே என்று குனிந்து அவர் தோளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். மறுபடி காலைப் பிடித்தார். நான் மறுபடி தொட்டு ஒற்றிக்கொண்டேன். மூன்றாவது தடவை அவர் அளவுக்கட்டையைக் கீழே வைத்துவிட்டு மகளிடம் ஏதோ கேட்டார்.

"அம்மா, நீ குனியக் குனிய அளவு தப்பிப் போகுதாம். கொஞ்சம் சும்மா இரும்மா."

"பாவமில்லையா கண்ணு?"

"அவருக்கு இதாம்மா வேலை."

மனசுக்குள்ளேயே ஒற்றிக்கொண்டேன்.

முதலில் மேல் சாக்ஸை உருவினார். பிறகு அடுத்த சாக்ஸையும் உருவினார். மெல்லிசாக ஒரே ஒரு சாக்ஸ்தான் போட வேண்டுமாம். குளிருமே என்றால், கால் இறுகக் கட்டியிருந்தால்தான் பட்டை சொன்ன பேச்சைக் கேட்கும், தடிச் சாக்ஸ் போட்டால் ரத்தம் ஓடாமல் இன்னும்தான் குளிரும் என்றார். சாக்ஸைக் கழற்றியதும் என் மெட்டியைப் பார்த்தார். புருவத்தை தூக்கிவிட்டு, மெல்லிய சாக்ஸை மாட்டிவிட்டார்.

"ஒரு சைஸ் எச்சா குடுக்கச் சொல்லு கண்ணு."

அவள் சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். கூட்டுக்குள்ளிருந்து மெத்தையை உருவி எடுத்துவிட்டு, வெறும் கூட்டுக்குள் என் காலை விடச்சொன்னார். விரல்கள் முன்னால் முட்டியதும், குதிகாலுக்குப் பின்னால் இரண்டு விரலை நுழைத்துப் பார்த்தார். அதுதான் சரியான அளவாம். நான் ஊரில் போடுகிற செருப்பைவிட அது எவ்வளவோ சின்னது. பிறகு மெத்தையைத் திரும்ப வைத்து, காலை உள்ளே விட்டு, குதிகாலைத் தரையில் ஓங்கி உதைக்கச்சொல்லி, கொக்கிகளை ஒவ்வொன்றாக இழுத்து மாட்டினார். நேராக நின்றால் விரல் நுனி முன்னால் தொடுகிறது. முட்டியை மடக்கி முன்னால் சாய்ந்தால் விரல் பின்வாங்கிக்கொள்கிறது. சறுக்கும்போது அப்படிச் சாய்ந்துதான் நிற்க வேண்டும் என்பதால் அந்தக் கணக்கு. குதிகால் ஆணி அடித்த மாதிரி உள்ளேயே நின்றது.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"பரவால்லீங்க" என்றேன்.

சுகன்யா அதை அவர் பாஷையில் சொன்னாள். அவர் வேறொரு ஜோடியைக் கொண்டுவந்தார். அதுவும் பரவால்லீங்க. மூன்றாவது கொண்டுவந்தார். அது முழங்காலுக்குக் கீழே ஆடுசதையைக் கவ்விப் பிடித்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. அவ்வளவு தூரம் மண்டியிட்டு வேலை செய்கிற மனுசரிடம் போய், நீங்கள் கொடுத்தது வலிக்கிறது என்று எப்படிச் சொல்வது? வீட்டுக்கு வந்த ஒறம்பரை உப்பில்லாத குழம்பைக் கூட நல்லாருக்குதுங்க என்றுதான் சொல்வார்கள். "இதுவும் பரவால்லீங்க" என்றேன்.

அவர் எழுந்து நின்று, இடுப்பில் கை வைத்து, சுகன்யாவைப் பார்த்துக் கொஞ்சம் நீளமாகப் பேசினார். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"என்னாங்கறாரு? கோவமா?"

"'முகத்தைப் பார்த்தா வலிக்குதுன்னு தெரியுது, வாயைக் கேட்டா நல்லாருக்குங்குது. உங்க பாஷையில வலிக்குதுன்னு சொல்றதுக்கு வார்த்தையே கிடையாதா'ன்னு கேக்கறாரும்மா. எங்க வலிக்குதுன்னு தெரிஞ்சாத்தான் அவரால சரி பண்ண முடியுமாம். தெரியாம அவரு எதைச் சரி பண்ணுவாரு?"

பிறகு அவர் இரண்டாவது ஜோடியை மறுபடி மாட்டி, கொக்கிகளைப் போட்டு, கடிகாரத்தைக் காட்டினார். அரை மணி நேரம் அப்படியே இருக்க வேண்டும், கழற்றக் கூடாது, எங்கெங்கே வலி வருகிறது என்று கவனித்து மகளிடம் சொல்ல வேண்டும் என்று உத்தரவு. அடுத்த ஆளைக் கவனிக்க உள்ளே போய்விட்டார்.

அரை மணி நேரம். நான் உட்கார்ந்தே ஆகவேண்டிய அரை மணி நேரம். அடுப்பு இல்லை, துடைக்க மேஜை இல்லை. எழுந்து நடக்கலாம் என்றால் அந்தக் காலோடு எங்கே நடப்பது? பெஞ்சின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"சொல்லும்மா" என்றாள்.

"இடது சுண்டு விரல் எலும்பு வலிக்குது" என்றேன். சொல்லவே கூச்சமாக இருந்தது. "வலது ஆடுசதை கொஞ்சம். அப்பறம் ரெண்டு கால்லயும் மெட்டி கடிக்குது. விரலோட விரலை வெச்சு நசுக்குது. அதுதான் எச்சு."

"கழட்டிரும்மா. நான் கழட்டிட்டேன்ல?"

அவள் காலில் மெட்டி இல்லாததை வந்த அன்றே பார்த்துவிட்டேன். கேட்கவில்லை. எதற்குக் கழற்றினாள், மாப்பிள்ளையோடு ஏதாவது மனஸ்தாபமா, சாமி மேலேயே கோபமா என்று மனசு எங்கெங்கோ ஓடியிருந்தது.

"ஆஸ்பத்திரியில எல்லாத்தையும் கழட்டச் சொன்னாங்க" என்றாள். "தாலி, வளையல், மெட்டி எல்லாத்தையும் ஒரு கவர்ல போட்டுக் குடுத்தாங்க. தாலியத் திருப்பிப் போட்டுட்டேன். மெட்டி போடக் குனிஞ்சேனா, விரல் தெரிஞ்சுது. இருந்திருந்தா இன்னும் ரெண்டு மூணு மாசத்துல வயிறு மறைச்சிருக்கும், எனக்கு என் கால் விரலே தெரிஞ்சிருக்காதுன்னு தோணுச்சு. அன்னையிலிருந்து குனியவே முடியலம்மா. கவர் அலமாரியில அப்படியே இருக்கு."

எனக்கு எழுந்துகொள்ள வேண்டும் போல இருந்தது. பழக்க தோஷம், இடுப்பு தானாகவே தூக்கியது. கால் வரவில்லை. இரண்டு பூட்ஸும் என்னைத் தரையோடு பிடித்து வைத்திருந்தன. உட்கார்ந்தேன்.

அவள் அதோடு நிறுத்தவில்லை. நான் என் வலிகளைச் சொன்ன அதே குரலில், இங்கே வலிக்கிறது அங்கே வலிக்கிறது என்பது மாதிரியே, ஒன்றொன்றாகச் சொன்னாள். ராத்திரியில் எது வருகிறது, யாருடைய குழந்தையைப் பார்த்தால் என்ன ஆகிறது, புருஷன் முகத்தைப் பார்க்க ஏன் பயமாக இருக்கிறது என்றெல்லாம். எல்லாவற்றையும் இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை. நான் புத்தி சொல்லவில்லை. எல்லாம் அவன் செயல் என்று சொல்ல வாய் வந்தது, அதையும் விழுங்கிக்கொண்டேன். சாமிக்கு நான் வக்கீல் இல்லை. அவள் கையை மட்டும் பிடித்துக்கொண்டு, "ம்", "சொல்லு சாமி" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். மார்ட்டின் ஒரு தடவை எட்டிப் பார்த்தார். அரை மணி எப்போதோ ஆகிவிட்டிருந்தது. எங்களைப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பிப் போய்விட்டார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள், "அப்பாவைக் கேளு, கழட்டலாமான்னு" என்று போனைப் போட்டுக் கொடுத்தாள்.

அவர் மண்டியில் இருந்தார். பின்னால் கேரட் ஏலம் போகிற சத்தம்.

"ஏனுங்க, நான் மெட்டியக் கழட்டலாமுங்களா?"

"என்ன அம்மணி, காலு கீலு வீங்கிப் போச்சா?"

"இல்லீங்க. பூட்ஸ் போடோணும். மெட்டி கடிக்குது."

"கழட்டிப்போடு. நான் காத்தால மாத்திரை போட்டுட்டேன், எனக்கு ஒண்ணும் ஆவாது."

"லொள்ளு பண்ணாதீங்க."

"நான் என்ன லொள்ளு பண்ணுனேன்? ஸ்டென்ட் வெச்ச டாக்டரு எண்ணெய் வேண்டாம்னாரு, உப்பு வேண்டாம்னாரு. மெட்டியப் பத்தி ஒண்ணுமே சொல்லலியே." பக்கத்தில் யாரோ சிரிப்பது கேட்டது. பிறகு குரலைத் தணித்து, "புள்ள எப்படி இருக்கறா?" என்றார்.

வழக்கமான சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. "இப்பத்தானுங்க பேசறா" என்றேன்.

"செரி. நீ பூட்ஸைப் பாரு" என்று வைத்துவிட்டார்.

அவர் சொன்ன பிறகும் எனக்குக் கை போகவில்லை. மார்ட்டின் வந்ததும் சுகன்யா இடது சுண்டு விரல், வலது ஆடுசதை என்று வரிசையாகச் சொன்னாள். அவர் முகம் மலர்ந்துவிட்டது. இத்தனை நேரம் அவருக்கு வேண்டியிருந்தது அதுதான். கடைசியில் மெட்டிக்கு வந்தாள். அது என்ன என்று கேட்டார். கல்யாணத்தில் போடுவது, புருஷன் தீர்க்காயுசாக இருக்க வேண்டும் என்று போட்டிருப்பது என்று விளக்கினாள்.

"அவரு உயிரோட இருக்காரா?" என்றாராம் மார்ட்டின்.

"இருக்காரு. இப்பத்தான் போன்ல பேசினாரு."

"அப்ப அது வேலை செய்யுது. கழட்ட வேண்டாம்."

சுகன்யா இதை எனக்குத் தமிழில் சொல்லும்போதே சிரித்துவிட்டாள். நான் வந்ததிலிருந்து அவள் சிரித்து அப்போதுதான் பார்க்கிறேன்.

பிறகு அவர் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு லிப்ஸ்டிக்கை எடுத்தார். அவருடைய வீட்டம்மாவினுடையதாம். என் சுண்டு விரல் எலும்பின் மேலும் மெட்டிகளின் மேலும் சாக்ஸோடு சேர்த்துச் சிவப்பாகப் பொட்டு வைத்து, காலை வெறும் கூட்டுக்குள் விட்டு எடுத்தார். எங்கெங்கே அழுத்துகிறதோ அங்கெல்லாம் உள்ளே சிவப்பு ஒட்டிக்கொண்டது. அந்த இடத்தைச் சூடு காட்டி இளக்கி, இடுக்கி மாதிரி ஒரு கருவியால் வெளியே தள்ளிவிடுவாராம். மெட்டிக்கு மேலே இருக்கிற மெத்தையை உள்பக்கமாகச் சீவி எடுப்பாராம். ராத்திரி ஆறட்டும், நாளைக்கு வாருங்கள் என்றார். கால் விரலில் சிவப்புப் பொட்டோடு, கல்யாணப் பெண் மாதிரி வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் பூட்ஸ் வாங்கப் போன பஸ்ஸில் ஒரு கூத்து. இறங்க வேண்டிய இடம் வருவதற்கு முன் கம்பியில் இருக்கிற பொத்தானை அழுத்தினால்தான் அங்கே நிறுத்துவார்கள். அம்மாவும் பெண்ணுமாகப் பேசிக்கொண்டிருந்ததில், கண்டக்டர் விசில் கொடுப்பார் என்ற நினைப்பிலேயே நான் உட்கார்ந்திருந்தேன். அவளும் பேச்சில் மறந்துவிட்டாள். அடுத்த ஊரும் போய், அதற்கடுத்த ஊரில் ஒரு பால் பண்ணை வாசலில் இறங்கினோம். திரும்பி வருகிற பஸ்ஸுக்காகப் பனியில் நின்றுகொண்டே தூக்குப்போசியைத் திறந்து, அரிசியும்பருப்பும் ஊறுகாயும் சாப்பிட்டோம். பண்ணைக்காரப் பெண்மணி எட்டிப் பார்த்து, வாசனை நன்றாக இருக்கிறதே என்றாள். ஒரு கரண்டி அவளுக்கும் கொடுத்தோம். நெய் அவள் வீட்டு வெண்ணெய் போல மணக்கிறது என்று சொன்னாளாம். நம் ஊரானால் நாலு பேர் சேர்ந்து "பஸ்ஸை நிறுத்துங்க, அம்மா எறங்கோணும்" என்று சத்தம் போட்டிருப்பார்கள். இங்கே யாருக்கும் யாரைப் பற்றியும் சத்தம் போடுகிற பழக்கம் இல்லை. ஆனால் ஒன்று, இரண்டு ஊர் தாண்டிப் போனதில் அவள் வெயிலில் ஒரு மணி நேரம் கூடுதலாக நின்றாள். அதனால் எனக்கு அந்தப் பொத்தான் மேல் கோபம் இல்லை.

பூட்ஸ் காலில் ஏறியதும் குனிந்து விரலை அசைத்துப் பார்த்தேன். மெட்டி இருக்கிற இடம் மெட்டிக்கு, விரல் இருக்கிற இடம் விரலுக்கு. இறுக்கம் இருந்தது, கடி இல்லை. மார்ட்டின் வாயைத் திறப்பதற்குள் நானே, "சுண்டு விரல் சரியாப் போச்சுங்க, ஆடுசதை மட்டும் இன்னும் கொஞ்சம் பிடிக்குதுங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் மேல் கொக்கியை ஒரு பல் தளர்த்தினார். விடைபெறும்போது மறுபடி அந்தச் சாமி வாழ்த்தைச் சொன்னார். நானும் முருகனை விட்டுக்கொடுக்கவில்லை.

அதற்கடுத்த நாள் மலை. பழகுகிறவர்களுக்கென்று கீழே ஒரு சின்னச் சரிவு இருக்கிறது. ஆலையில் மூட்டை ஏற்றுகிற பெல்ட் மாதிரி ஒன்று நம்மை நின்றபடியே மேலே கொண்டுபோய் விடுகிறது. சிவப்புச் சட்டை போட்ட ஒரு வாத்தியாரம்மா, பட்டைகளின் முன்நுனியைச் சேர்த்துப் பின்னால் விரித்து நிற்கச் சொல்லிக்கொடுத்தாள். முட்டியை மடக்கி முன்னால் சாய்ந்தேன். பூட்ஸ் தாங்கிக்கொண்டது. நான் இடப்பக்கம் நினைத்தேன். இரண்டு பட்டையும் இடப்பக்கம் போயின. கொஞ்ச தூரம்தான். பிறகு விழுந்தேன். "முட்டி வலிக்குது" என்று சந்தோசமாகச் சத்தமாகவே சொன்னேன்.

சுகன்யா தன் பட்டைகளை மாட்டிக்கொண்டிருந்தாள். ஆனால் என்னை விட்டு நகரவில்லை. நான் விழுந்தால் தூக்க, நான் நின்றால் பிடிக்க என்று என் பக்கத்திலேயே நின்றாள். அவள் கண் மட்டும் மேலே, கம்பியில் தொங்கிக்கொண்டு பெரிய மலைக்குப் போகிற நாற்காலிகளைப் பார்த்துப் பார்த்துத் திரும்பியது.

மத்தியானம் மலைக் கடையில், ஆவியில் வெந்த பெரிய கொழுக்கட்டை மாதிரி ஒன்று கொடுத்தார்கள். உள்ளே பழக்கூழ், மேலே கசகசாவும் சர்க்கரையும். சுகன்யா முழுசாகச் சாப்பிட்டாள்.

வெளியே வந்ததும், "நீ மேல போயிட்டு வா கண்ணு" என்றேன்.

"நீ?"

"எனக்கென்ன. நல்லா நிக்கறேன். கால்ல ஒண்ணும் பண்ணல, நெசமாத்தான் சொல்றேன்."

என் முகத்தை உற்றுப் பார்த்தாள். "ஒரே ஒரு தடவை" என்றாள். "இங்கயே இரு. எங்கயும் போயிராத."

நாற்காலி வந்து அவளை அள்ளிக்கொண்டு போனது. மரங்களுக்கு மேலே போய், ஒரு புள்ளியாகி, மேட்டுக்கு அந்தப் பக்கம் மறைந்துவிட்டது. அப்புறம் ஆரம்பித்தது எனக்கு. அவளை மாதிரி நீலச் சட்டை போட்டுக்கொண்டு யார் வந்தாலும் அவளா என்று பார்த்தேன். ஒருத்தி வந்தாள், அவள் இல்லை. ஒருத்தன் வந்தான். மூன்று மாதம் படுத்தே கிடந்த கால்களாயிற்றே, தனியாக அனுப்பிவிட்டேனே, மேலே போனவளுக்கு மறுபடி அழுகை வந்துவிட்டால் அங்கே யார் இருக்கிறார்கள்? முருகா, முருகா என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ஊராக இருந்தால் இந்நேரம் வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்திருப்பேன். இங்கே நின்ற இடத்திலேயே நின்றேன்.

பக்கத்தில் ஒரு பெரியவர் தடியை ஊன்றி நின்றுகொண்டு என்னிடம் ஏதோ கேட்டார். யாருக்காகக் காத்திருக்கிறாய் என்று கேட்டிருப்பார் என நினைக்கிறேன். அப்போதுதான் மேட்டின் விளிம்பில் ஒரு நீலம் தெரிந்தது. இடமும் வலமுமாக, தண்ணீர் மடை திரும்புகிற மாதிரி, நிதானமாக வளைந்து வளைந்து வந்தது. பக்கத்தில் வர வர முகம் தெரிந்தது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. கன்னம் இரண்டும் சிவந்திருந்தன.

"என் பொண்ணுங்க" என்று பெரியவரிடம் கையைக் காட்டினேன். அவருக்குப் புரிந்து தலையை ஆட்டினார்.

அவள் நிற்பாள் என்று இரண்டு கையையும் நீட்டினேன். அவள் என்னைத் தாண்டிப் போய்விட்டாள். பனித்தூள் என் மேலெல்லாம் தெறித்தது. நான் திரும்பிப் பார்ப்பதற்குள், நாற்காலிக்கு நிற்கிற வரிசையில் மறுபடி போய் நின்றுகொண்டு, முன்னால் இன்னும் எத்தனை பேர் என்று கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.